பொத்துவில் கரையில் மூன்று நாள்

கொழும்பிலிருந்து பொத்துவிலுக்கு ஏறத்தாழ 320 கிலோமீற்றர். பழைய கணக்கில் இருநூறு மைல். ஏ4 என இலக்கமிடப்பட்ட வீதி அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை என ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. மேற்குக் கரையில் புறப்பட்டு, மலையேறி இறங்கி, காட்டைக் கடந்து கிழக்குக் கரையில் கடலைத் தொடுகிறது. தெற்கு அதிவேகப் பாதையால் போய் ஹம்பாந்தோட்டைப் பக்கமாகத் திரும்பினால் நேரம் மிச்சம் என்பார்கள். மெய்தான். ஆனால் அந்தப் பாதையில் கம்பி வேலியையும் தாரையும் தவிரப் பிள்ளைகளுக்குக் காட்ட அதிகம் ஒன்றுமில்லை. நமது நாடு ஒரே பகலில் எத்தனை விதமாக முகம் மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏ4 வீதிதான் உகந்தது. அங்கங்கே இறங்கி இளைப்பாறிப் போனால் பத்து, பதினொரு மணி நேரம் பிடிக்கும்.

நாங்கள் போனது 2024 ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில். ஒரு வாடகை வேன், ஒன்பது பேர். என் கணவரின் தம்பி பொத்துவிலில் கல்யாணம் முடித்து அங்கேயே குடியிருக்கிறார். அவரைப் பெற்ற என் மாமிக்கு வயது எழுபத்திரண்டு. முழங்கால் வருத்தம், தூரப் பயணம் என்று சொல்லிச் சொல்லியே மகன் வீட்டுப் பக்கம் போய்ப் பல வருடங்களாகிவிட்டன.

எங்கள் வீடுகளில் 'ட்ரிப்' போவதென்றால் என்ன நடக்கும் என்பதை வாசக சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் இரவு முழுதும் பெண்கள் குசினியில். விடிந்ததும் சோற்றுச் சட்டி, கறிச் சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, பாய், தலையணை எல்லாம் வாகனத்தில் ஏறும். போன இடத்தில் ஆண்கள் ஆற்றிலோ கடலிலோ குளிப்பார்கள். பெண்கள் மரத்தடியில் இருந்து வெங்காயம் உரிப்பார்கள். வீடு திரும்பிய பிறகு கடல் எப்படி என்று யாராவது கேட்டால், "காத்து பலம், அடுப்புப் பத்தவே இல்ல" என்பதுதான் நம்மவர்களின் பதிலாக இருக்கும். இந்த முறை மாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "அடுப்பு வேனில ஏறினா நான் ஏற மாட்டேன்." அவர் சொன்னால் சொன்னதுதான். காலைக்கு இடியப்பமும் கட்டச்சம்பலும் பார்சல் கட்டினோம். பகல் சாப்பாடு கடையில். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றும் பொறுப்பு ஆண்களுக்கு. அவர்கள் முதல் ஐந்து கப்பில் பாதியை வேனுக்குள்ளேயே ஊற்றினார்கள் என்றாலும், பலாங்கொடை தாண்டும்போது பழகிவிட்டார்கள்.

ஸுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அவிசாவளை வரை கடைகளும் சன நெரிசலும்தான். பிறகு றப்பர்த் தோட்டங்கள், ஈரம், பச்சை. இரத்தினபுரிக்குச் சற்று முன்னர் இடியப்பப் பார்சல்களை அவிழ்த்தோம். வயலில் ஆங்காங்கே கூரை போட்ட மாணிக்கக் குழிகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வந்தார்கள். பலாங்கொடையில் கல்தோட்டைப் பக்கம் ஒரு பாதை பிரிகிறது. கூரகலைக்கு, நாம் ஜெய்லானி என்று அழைக்கும் இடத்துக்குப் போகும் வழி அதுதான். மாமி தான் குமராக இருந்தபோது அங்கே போன கதையைச் சொல்லத் தொடங்கினார். அது பெலிஹுல்ஓயா வரை நீண்டது. அங்கே ஆற்றின் தண்ணீர் ஓகஸ்டிலும் கையை விறைக்க வைக்கிறது.

பெலிஹுல்ஓயாவுக்குப் பிறகு வீதி மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் உடவளவைச் சமவெளி வெயிலில் மங்கலாகத் தெரியும். பெரகலைச் சந்தியில் இடப்பக்கம் ஏறினால் அப்புத்தளை. நேரே இறங்கினால் கொஸ்லந்தை, வெல்லவாய. இந்த இறக்கத்தில் மண்சரிவு எச்சரிக்கைப் பலகைகள் அடிக்கடி வரும். அவை வெறும் பலகைகள் அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகள் ஆட்களோடு புதைந்தன. மழைக்காலத்தில் குடும்பத்தோடு போகிறவர்கள் வானிலை அறிவித்தலைக் கேட்காமல் இந்தப் பாதையில் இறங்கக்கூடாது.

கொஸ்லந்தை தாண்டியதும் தியலும நீர்வீழ்ச்சி. 220 மீற்றர் உயரம். இலங்கையில் இரண்டாவது உயரமானது. வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். ஓகஸ்டில் தண்ணீர் குறைவு. பாறையில் ஒரு வெள்ளைத் துணியைக் காயப்போட்டது போல இருந்தது. எங்கள் சின்னவன், "இவ்வளவுதானா?" என்றான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீண்ட பயணத்தில் ஆண்களுக்கு இல்லாத ஒரு கவலை பெண்களுக்கு உண்டு: எங்கே ஒழுச் செய்வது, எங்கே தொழுவது, எங்கே மலசலகூடம். இதை நினைத்தே பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். மாமியும் அப்படித்தான். பிறகு தலைவலி, சிறுநீர்க் கடுப்பு. வழியில் ஒரு நகரத்துப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை என்று கேற்றடியிலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த ஊர்ப் பள்ளியில், பின்பக்கம் சின்ன அறைதான், ஆனால் பாய் விரித்து, தண்ணீர்க் குழாயும் கூட்டுமாறும் வைத்து, கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டிருந்தார்கள். லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். மாமி அந்த அறையில் கால் நீட்டிக் கால் மணி நேரம் படுத்தும் எழும்பினார். பெருவீதியோரப் பள்ளி நிர்வாகத்தினருக்கு இதற்குப் பெரிய செலவு வராது. ஒரு அறையும் ஒரு தாழ்ப்பாளும் போதும்.

வெல்லவாயவில் இறங்கியதும் உலகமே வேறு. காற்றுச் சூடாகிறது, மண் சிவக்கிறது, மரங்கள் குட்டையாகின்றன. பெல்வத்தைப் பக்கம் கரும்பு. புத்தளையும் மொனராகலையும் கடந்தால் சோளச் சேனைகள். வீதியோரத்தில் அவித்த சோளம் விற்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மடலோடு கையில் தருவார்கள். கும்புக்கனையில் நாங்கள் கடந்த கும்புக்கன் ஓயாதான் பின்னர் காட்டுக்குள் இறங்கி, குமனைப் பக்கமாகக் கடலில் சேர்கிறது. எங்களுக்கு முன்னே அதுவும் அதே கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

சியம்பலாண்டுவை தாண்டினால் லாகுகலைக் காடு. லாகுகலை கித்துலான தேசிய பூங்கா 1980இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 1,550 ஹெக்டயர்தான். நாட்டின் சிறிய பூங்காக்களில் ஒன்று. ஆனால் இதன் குளங்களில் உயரமாக வளரும் 'பெரு' என்ற புல் யானைகளுக்கு விருப்பமானது. மற்ற இடங்களில் தண்ணீர் வற்றும் ஓகஸ்ட், செப்டம்பரில் அவை இங்கே கூடும். வீதியிலிருந்தே குளம் தெரிகிறது. நாங்கள் போன மாலையில் பதினொரு யானைகள், இரண்டு குட்டிகள். வயிறுவரை புல்லுக்குள் நின்று, ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, காலில் அடித்து மண்ணை உதறிவிட்டுத் தின்றன. கீரைக்கட்டை உதறுவது போலவே இருந்தது.

இந்தக் காட்டு வழியை இன்று யானை பார்த்துக்கொண்டு போகிறோம். யுத்த காலத்தில் மாலையானால் இங்கே வாகனம் எடுக்கப் பயப்படுவார்கள். 2006 செப்டம்பரில் பொத்துவிலுக்கு வெளியே குளத்து வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். பொத்துவில் வீடுகளில் இன்னும் அந்தக் குடும்பங்களைப் பெயர் சொல்லி அறிவார்கள். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகுதான் கொழும்பிலிருந்து எங்களைப் போன்ற குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு இவ்வழியே வரத் தொடங்கினார்கள்.

பொத்துவிலை அடைந்தபோது மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. இது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தமிழரும் சிங்களவரும் உண்டு. நெல்லும் மீனும் மாடும்தான் ஊரின் செல்வம். தம்பியின் வீடு கடற்கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. வாசலில் தங்கச்சி (தம்பியின் மனைவியை நான் அப்படித்தான் அழைப்பேன்) நின்றாள். மாமியைக் கைத்தாங்கலாக இறக்கினாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பாரை மீன் ஆணமும், சட்டி கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரும். தயிருக்கு மேலே சீனி போட்டுக்கொள்வது கிழக்கின் வழக்கம். கித்துள் பாணிக்குப் பழகிய நாங்கள் முதலில் யோசித்தோம், பிறகு யோசிக்கவில்லை.

காலையில் அறுகம்பைக்குப் போனோம். ஊரிலிருந்து தெற்கே இரண்டு மூன்று கிலோமீற்றரில், களப்பு கடலோடு சேரும் இடத்தில் ஒரு நீண்ட பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் உல்லை. அறுகம்புல்லும் குடாவும் சேர்ந்ததுதான் அறுகம் குடா என்பார்கள். வாய்வழக்கில் அது அறுகம்பை. கடற்கரை ஒரு பிறை போல வளைந்து கிடக்கிறது. தென்கோடியில் கரை கடலுக்குள் மூக்கு நீட்டுகிறது. அந்த மூக்கைச் சுற்றி வரும் அலைதான் உலகெங்குமிருந்து ஆட்களை இங்கே கொண்டுவருகிறது. எழுபதுகளிலேயே அலைச்சறுக்குப் பலகையோடு வெள்ளையர் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஏன் இங்கே இத்தனை ஒழுங்காக அலை வருகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். தம்பி விளக்கினார். தெற்கே வெகுதூரத்தில் சமுத்திரத்தில் அடிக்கும் புயற்காற்றுகள் அலைகளைத் தள்ளிவிடுகின்றன. அவை ஆயிரக்கணக்கான மைல் ஓடி வந்து இந்த மூக்கில் திரும்பி, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு வரிசையாக உடைகின்றன. அதே மாதங்களில் மேற்கே தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். அது தன் மழையையெல்லாம் இரத்தினபுரிப் பக்கமே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, காய்ந்த சூட்டோடு கிழக்கே வரும். இதைத்தான் இவ்வூரார் கச்சான் காற்று என்கிறார்கள். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கலையாமல் நிற்கிறது. முதல் நாள் நாங்கள் கண்ட ஈரமும் வெயிலும் மலையும் எல்லாம் இந்த அலைக்குள் இருக்கின்றன என்று சொல்லலாம். ஏப்ரல், மே முதல் செப்டம்பர் வரை இப்படி. நவம்பரில் வாடையும் மழையும் தொடங்கினால் கடல் கலங்கிவிடும். உல்லையில் பாதிக் கடைகள் பூட்டப்படும்.

கடற்கரையில் உல்லாசப் பயணிகளைத்தான் முதலில் காண்பீர்கள். உடை விஷயத்தில் நம் பிள்ளைகளோடு பார்க்கச் சங்கடமான காட்சிகளும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்காகப் பெண்கள் கடலையே பார்க்காமல் அறைக்குள் இருக்க வேண்டியதில்லை. ஸுப்ஹு முடிந்து வெளிச்சம் வரும் நேரத்தில் கரையில் மீனவர்களைத் தவிர எவருமில்லை. வள்ளங்கள் ஏற்றிவைத்திருக்கும் பக்கத்துக்கு அப்பால் அலையும் அமைதி. சூரியன் நேரே கடலுக்குள்ளிருந்து எழும். நமக்குப் பழக்கமான காலிமுகத்திடல் கடலில் சூரியன் இறங்கத்தான் பார்த்திருக்கிறோம். இங்கே அது ஏறுகிறது. மாமி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைய நின்றார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அவரைப் பேசாமல் அரை மணி நேரம் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கரைவலை இழுப்பதையும் பார்த்தோம். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசையாக நின்று, ஓசை வைத்து இழுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்த வலையில் அன்று வந்தது கீரியும் சூடையும் கொஞ்சம் கும்பளாவும். சம்மாட்டியாரின் முகத்திலிருந்தே அன்றைய கணக்கு விளங்கியது. ஹோட்டல்கள் கரையை நெருங்க நெருங்க வலை இழுக்க இடம் ஒடுங்குகிறது என்று இழுத்தவர்களில் ஒருவர் சொன்னார்.

அஸருக்குப் பிறகு தங்கச்சி எங்களைத் தன் வளவுக்குக் கூட்டிப்போனாள். உல்லையில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு விடுதிகளுக்கு நடுவே, கம்பி வேலி போட்ட வெறும் நிலம். நாலு தென்னை, ஒரு கிணறு. மணலில் சீமெந்துத் தரையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. அதுதான் அவளது கல்யாண வீடு.

கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். சீதனத்துக்கு எதிராக நாம் எவ்வளவோ பேசியும் எழுதியும் ஆயிற்று. வீடு கட்டிக் கொடுப்பதற்காக வாப்பாமாரும் நானா, காக்காமாரும் பாலைவனத்தில் உழைத்துத் தேய்வதையும் அறிவோம். எனினும் இதன் மறுபக்கத்தை மறுப்பதற்கில்லை. உறுதி மகளின் பேரில் இருக்கும். உம்மாவின் வளவு மகளுக்கு, மகளின் வளவு பேத்திக்கு. கோபித்துக்கொண்டு வெளியே போக வேண்டியவர் புருஷன்தானே தவிர, மனைவி அல்ல.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும் கூட. விடிகாலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் அலை கிழக்குக் கரையை அடைந்தது. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாவட்டங்களில் அதிகம் இழந்தது அம்பாறை: பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களும் சிறு பிள்ளைகளும்தான் கூட. வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். நீந்தத் தெரியாதவர்கள். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஓடியவர்கள். காலில் சுற்றும் நீண்ட உடுப்போடு தண்ணீரில் அகப்பட்டவர்கள்.

தங்கச்சி அன்று காய்ச்சலில் கிடந்த இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு, புருஷனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் அவளது உம்மா இருந்தார். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அலைக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். பின்னர் தளர்த்தினார்கள். அதற்குள் பலருக்கு உள்ளே தள்ளி வீடு கொடுத்தாகிவிட்டது. இடிந்த பாலத்துக்குப் பதிலாக அமெரிக்க உதவியில் கட்டிய புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. விடுதிகள் திரும்ப எழும்பின. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் தெரியும்.

ஆனால் புதிய வீடுகளுக்கான பத்திரங்கள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' பேரில் எழுதப்பட்டன. தலைவர் என்றால் ஆண் என்று எடுத்துக்கொண்டார்கள். கடல் கொண்டுபோன வீடு மனைவியுடையது; அதற்குப் பதிலாக வந்த வீடு கணவனுடையது. பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எடுத்துச் சொன்னார்கள். தங்கச்சிக்கும் அதுதான் நடந்தது. அன்று காய்ச்சலில் கிடந்த மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணப் பேச்சு நடக்கிறது.

"என்ட ஊடு என்ட உம்மா எனக்குத் தந்தது ராத்தா. இந்த ஊட்ட என்ட புள்ளைக்கி நான் எப்பிடிக் குடுக்கிற? அவருதான் குடுக்கணும். அவரு குடுப்பாரு, இல்லண்டு சொல்லல்ல. ஆனா நான் குடுக்கல்லயே."

தம்பி பக்கத்தில்தான் நின்றார். அவர் நல்ல மனிதர். பேர் மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைகிறார். அரசு அளிப்புப் பத்திரத்தை நினைத்தபடி மாற்ற முடியாது, அனுமதி வேண்டும், அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம். கடற்கரை வளவின் உறுதி அலையோடு போய்விட்டது. ஆனால் காணிப் பதிவகத்தில் பிரதி இருந்ததால் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. (வாசகிகள் தங்கள் உறுதிகளின் பதிவிலக்கத்தை வேறோர் இடத்திலும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.) அந்த நிலத்துக்கு இன்று நல்ல விலை. விடுதிக்காரர்கள் வருடா வருடம் கேட்டு வருகிறார்கள். தங்கச்சி கொடுப்பதாக இல்லை. "அத மகளுக்கு நான் குடுப்பன்" என்றாள். அதில் இருக்கத் தனக்குத் தைரியம் இல்லை. மகளுக்கு இருக்கிறது என்றாள்.

அவள் அந்தக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி மாமிக்குக் கொடுத்தாள். சுனாமியோடு இந்தக் கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. இறைத்து இறைத்து, மழை பெய்து பெய்து, தெளியப் பல காலம் எடுத்தது. இப்போது குடிக்கலாம். மாமி பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்று முறையாகக் குடித்தார். வேலிக்கு அப்பால் அலை உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தங்கச்சி கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டியபடிதான் நின்றாள். இருபது வருடமாக அவள் மணலில் கால் வைத்ததில்லை. சீசன் காலத்தில் விடுதிகளுக்கு ரொட்டியும் கறியும் சமைத்துக் கொடுக்கிறாள். மகளின் படிப்புச் செலவு அதில்தான் நடந்தது. அதையும் வீதிப் பக்க வாசலில் வைத்தே கொடுத்துவிட்டு வருவாளாம்.

அப்படிப்பட்டவள் தன் மகளை நீந்தப் பழக அனுப்பியிருக்கிறாள். இது எனக்குப் பெரிய ஆச்சரியம். பதினைந்து வயதில், ஊர்ப் பெண்கள் சிலரோடு, விடிகாலையில் களப்பின் ஆழமில்லாத பக்கத்தில் பழகியிருக்கிறாள். 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகமே தொடங்கப்பட்டது. இலங்கையில் பெண்களுக்கு அதுதான் முதலாவது. அதில் சேர்வதை ஊரில் எல்லோரும் விரும்புவதில்லை. தங்கச்சியும் மகளை அதில் சேர்க்கவில்லை. "பலகையில ஏறத் தேவல்ல. தண்ணி வந்தா மிதக்கத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது பற்றி நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளை மட்டும் மனதில் வைத்தே பேசுகிறோம்.

மறுநாள் விடியலில் அந்தப் பிள்ளைதான் எங்கள் பெண்களைக் கடலில் இறக்கினாள். அபாயாவோடு அலைக்குள் போகக்கூடாது; நனைந்தால் பாரம், காலைச் சுற்றும். தளர்ந்த பருத்திச் சுரிதாரும் இறுகக் கட்டிய தலைமறைப்பும் போதும். அலைக்கு நெஞ்சைக் காட்டி நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அலை திரும்பும்போது காலுக்கடியில் மண் அரித்துப் போகும். அப்போது பின்னால் நகராமல் முழங்காலை மடித்துக்கொள்ள வேண்டும். கடலுக்கு ஒருபோதும் முதுகு காட்டக்கூடாது. இதையெல்லாம் அவள் ஆசிரியை போல வரிசையாகச் சொன்னாள். கரையில் ஏதும் அறிவித்தல் கேட்டாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்ளே வாங்கினாலோ, பை, செருப்பு எதையும் எடுக்காமல் வீதியைக் கடந்து மேட்டுக்கு ஓட வேண்டும் என்றும் இடத்தைக் கைகாட்டிச் சொன்னாள். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக இடுப்பளவு கடலில் நின்ற என் நாத்தனார், அலை வந்து மோதியதும் போட்ட கூச்சலில் வள்ளத்தடியில் இருந்த நாய் எழும்பி ஓடியது.

பிறகு களப்பில் தோணிச் சவாரி போனோம். கண்டற்காடு, கொக்குகள், கரையோரத்தில் ஒரு முதலை. தெற்கே பாணமைக்கும் ஓகந்தைக்கும் போகும் பாதையில் கொஞ்சத் தூரம் ஓடித் திரும்பினோம். ஓகந்தை முருகன் கோயில் வழியாகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரிகர்கள் காட்டுக்குள் இறங்குவார்கள். அவர்கள் பொத்துவிலைக் கடக்கும்போது தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த கதை தங்கச்சி வீட்டில் உண்டு.

மூன்றாம் நாள் ஸுப்ஹுக்குப் பிறகு திரும்பப் புறப்பட்டோம். தயிர்ச் சட்டிகள் ஆறு, ஆசனத்துக்கு அடியில் வைக்கோல் சுற்றி வைத்தோம். கருவாட்டுப் பார்சலைச் சாரதி வேனுக்குள் விடமாட்டேன் என்றதால் அது கூரைக்கு ஏறியது. எல்லோரும் ஏறியாயிற்று, மாமி மட்டும் வாசற்படியில் இருந்தார்.

"நான் ஒரு மாசம் இருந்துட்டு வாறன். இவள்ட கடிதத்தக் கொண்டுபோய்க் குடுக்கிற இடத்துக்கு நானும் போகணும். கிழவி போய் உக்காந்தா என்ன சொல்றாங்கண்டு பாப்பம்."

என் கணவர் முழங்காலைப் பற்றியும் வைத்தியரைப் பற்றியும் ஏதோ சொல்லத் தொடங்கினார். மாமி கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்கு உரியதை கொழும்பு – பொத்துவில் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னார். அதோடு தன் பழைய மூக்குக் கண்ணாடியையும்; பத்திரங்களை வாசிக்க அதுதான் வசதியாம்.